திப்பா படகில் நான் சொன்ன பொய்

எனக்கு வாய் நீளம். அம்மா சொல்லியிருக்கிறாள், மாமியார் சொல்லியிருக்கிறார், இருபத்து மூன்று வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய மனிதர் வாயைத் திறக்காமலே தலையை ஆட்டிச் சொல்லியிருக்கிறார். அந்த வாயால் ஒரு வெள்ளிக்கிழமை நான் கெடுத்ததையும், அதைச் சரிக்கட்ட அதே வாயைத் திறந்ததில் என்ன ஆயிற்று என்பதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

துபாயில் சத்வாவில் குடியிருந்தோம். கீழே தையல்கடைகள், மேலே மூன்று மாடி. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை 'எக்கா' என்றுதான் கூப்பிடுவாள். ஒரே பெண், பத்தாம் வகுப்பு. என் மகன் கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போனதிலிருந்து அந்தப் பெண் பாதி நாள் எங்கள் வீட்டில்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் முதலில் என் ஃபிரிட்ஜைத்தான் திறக்கும்.

எங்கள் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் எட்டும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு பிக்னிக். வெயில் ஏறுவதற்கு முன்னால், மார்ச் மாதத்தில். அதற்கு நான்தான் கலெக்டர், நான்தான் தாசில்தார். யார் தயிர்சாதம், யார் பேப்பர் தட்டு, யார் வீட்டுக் குழந்தைக்கு பஸ்ஸில் வாந்தி வரும், எல்லாம் என் நோட்டில் இருக்கும். அந்த வருடம் படகு என்று முடிவு செய்தேன். ஒரு டிராவல்ஸ்காரன் கொடுத்த நோட்டீஸில் 'கரீபியன் தீவுகளே தோற்கும் கடல் உலா' என்று போட்டிருந்தது. கரீபியன் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்டில் நம் ஆட்களை ஓடவிட்ட பந்துவீச்சாளர்கள்தான். எதிர்வீட்டுப் பெண் அட்லஸைக் கொண்டுவந்து காட்டியது. "ஆன்ட்டி, அது உலகத்தோட அந்தக் கோடி. இது நம்ம பக்கத்து வீடு. அவங்க எப்படித் தோப்பாங்க?" என்றது. தோற்கட்டும் போ என்று எட்டுக் குடும்பத்துக்கும் முன்பதிவு செய்துவிட்டேன்.

போன இடம் திப்பா. துபாயிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம். அங்கிருந்து படகு புறப்பட்டுப் போகும் கடல் ஓமானுடையது. அதனால் எல்லாருடைய பாஸ்போர்ட், விசா நகலையும் முன்னாலேயே கொடுக்க வேண்டும். வீடு வீடாகப் போய் வாங்கினேன். எதிர்வீட்டில் மட்டும் நாலு தடவை கேட்டேன். "அவுக ஆபீஸ்ல இருக்குக்கா, கொண்டாருவாக" என்று இழுத்து, கடைசி நாளில்தான் தந்தாள். என்ன அலட்சியம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெண்ணுக்குக் கடைசிப் பரீட்சை, சமூக அறிவியல், பிக்னிக் முடிந்து பத்தாவது நாள் இருந்தது. ஜனவரியில் எட்டு என்று நான் முன்பதிவு செய்தாலும், பரீட்சை என்று அவர்கள் கடைசியில் நின்றுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மார்ச்சில் கேட்டால், வருகிறோம் என்கிறாள்! "உனக்குப் புத்தி கித்தி இருக்கா? பத்தாங்கிளாஸ் பரீட்சை நடுவுல படகு கேக்குதா?" என்று வாசலில் வைத்தே கேட்டேன். "ஒரு நா தானக்கா. பிள்ள கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் அதைக் கவனிக்கவில்லை. திட்டுகிற மும்முரத்தில் எதிராளி முகம் எங்கே தெரியும்?

அது இரண்டாயிரத்து ஒன்பது. அந்த வருடம் அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிரேன்கள் நின்ற இடத்தில் நின்றன. சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் 'குடும்பம் ஊர் போகிறது. சோபா, கட்டில், வாஷிங் மெஷின் விற்பனைக்கு' என்ற துண்டுச்சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. வேலை போனால் விசா போகும். விசா ரத்தானால் ஒரு மாதத்துக்குள் மூட்டை கட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு வீடு காலியானது. யாரும் யாரையும் நேராகக் கேட்பதில்லை. "எப்படிப் போகுது?" என்றால் "போகுது" என்பதோடு சரி.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினோம். திப்பாவில் படகைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "இது நம்மைத் தாங்குமா, உன் டப்பாக்களைத் தாங்குமா?" என்றார். பெரிய மரப்படகு. மேலே ஒரு தளம், தரை முழுக்கக் கம்பளம், சுற்றிலும் திண்டு. வெள்ளை அங்கி போட்ட ஓமானிக் கிழவர் சுக்கான் பிடித்தார். அவருக்கு உதவியாள் ஒரு பலூச்சிக்காரர், எல்லாருக்கும் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். "யல்லா, யல்லா" என்று கிழவர் குரல் கொடுத்ததும் படகு கரையை விட்டது.

அந்தக் கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த கடல் மணலில் ஆரம்பித்து வானத்தில் முடியும். இங்கே மலை நேராகத் தண்ணீரில் இறங்கியிருந்தது. மரமில்லை, புல்லில்லை, வெறும் பழுப்புப் பாறை. பாறையின் மடிப்பில் நாலைந்து வீடுகள் தெரிந்தன. அங்கே சாலை கிடையாதாம், குடிதண்ணீரே படகில்தான் போகிறதாம். "அங்க ஒரு வீடு கிடைச்சா போதும். எந்த மானேஜரும் வரமாட்டான்" என்றார் எதிர்வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் பலூச்சிக்காரர் படகின் பக்கவாட்டுப் பலகையில் தட்டி விசிலடித்தார். டால்ஃபின் வரும், கை தட்டுங்கள் என்றார் இந்தியில். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் நின்றுகொண்டு கை தட்டி விசிலடித்ததை அன்றுதான் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஐந்தோ ஆறோ. படகின் மூக்குக்கு முன்னால் போட்டி போட்டுக்கொண்டு ஓடின. கையில் சமூக அறிவியல் புத்தகத்தோடு ஏறிய பெண் அதைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு ஓடியது. அம்மாக்காரி டால்ஃபினைப் பார்க்கவேயில்லை. பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சிறிய தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்கள். அங்கே செய்வதற்கு ஆயிரம் இருந்தது. ரப்பரில் நீளமான மஞ்சள் வாழைப்பழம் மாதிரி ஒன்று. அதில் ஐந்து பேரை உட்காரவைத்துச் சின்னப் படகால் இழுத்துப்போய், வளைவில் வேண்டுமென்றே கவிழ்த்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் விளையாட்டு! சுடிதாரோடு போய் விழுந்து, துப்பட்டாவைக் கடலுக்குத் தாரைவார்த்துவிட்டுத் திரும்பினோம். ஆண்கள் கைத்தூண்டிலோடு உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் தூண்டிலில் விரல் நீள மீன் ஒன்று மாட்டியது. சைவ மனிதர், பதறிப்போய் அதனிடம் மன்னிப்புக் கேட்காத குறையாகத் திருப்பி விட்டார்.

அந்தப் பெண்தான் என்னை நீச்சல் கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள் பார்க்கவைத்தது. கண்ணோடு மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் ஒரு குழாய். "மூக்கால மூச்சு விடாதீங்க ஆன்ட்டி, வாயால. உங்களுக்கு ஈஸிதான்" என்றது. குறும்பு. ஏணியைப் பிடித்துக்கொண்டே முகத்தை முக்கினேன். ஐயோடா! கீழே மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட மீன்கள் என் காலை முகர்ந்துகொண்டிருந்தன. பாறையிடுக்கில் முள்முள்ளாகக் கறுப்புப் பந்துகள். சத்தமே இல்லை. பத்து நிமிடம் நான் பேசாமல் இருந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு சாப்பாடு. மேல்தளத்தில் கம்பளத்தின்மேல் பேப்பர் விரித்து டப்பாக்களைத் திறந்தோம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு. எதிர்வீட்டுக்காரி தன் பையிலிருந்து ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய வடாமும் வற்றலும் பொரித்ததை எடுத்தாள். அதற்குப் பின்னால் ஜாடியை எடுத்தாள்.

அந்த ஜாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியும், ஆடி ஆவணி லீவில் ஊரிலிருந்து கொண்டுவரும் மாவடு அடுத்த லீவு வரைக்கும் வர வேண்டும். அவள் அம்மா வருடத்துக்கு ஒரு ஜாடி போட்டுத் தருவாள். அதை அவள் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கீரைக்கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். எனக்கே மாதத்துக்கு இரண்டு வடு, அதுவும் நான் காய்ச்சலில் கிடந்தால் மூன்று. மார்ச் மாதத்தில் அவள் மீதி ஜாடியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, கரண்டியை உள்ளே போட்டு, "எல்லாரும் எடுங்க, நல்லா எடுங்க" என்கிறாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவளைக் கெடுத்தேன்.

"அடியே! ஜாடியோட கவுத்துட்டியே? என்ன, வீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்குக் கிளம்பப் போறியா?"

எட்டுக் குடும்பமும் கேட்கும்படி, சிரித்துக்கொண்டே கேட்டேன். சொல்லி முடிக்கும்போதே அவள் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போயிருந்தது.  அவள் புருஷன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பினார். பாஸ்போர்ட் நகல், பரீட்சை நடுவில் பிக்னிக், பொரித்துத் தீர்த்த வடாம், எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மற்ற பெண்களும் முட்டாள்களா என்ன? சாப்பிடுகிற கைகள் நின்றன.

ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தது. "அம்மா? வாட் இஸ் ஆன்ட்டி சேயிங்?"

அந்தக் குழந்தைக்குத் தெரியாது. பத்து நாளில் பரீட்சை. அதற்காகத்தான் புருஷனும் பெண்டாட்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை நான் புளியோதரைக்கும் தயிர்சாதத்துக்கும் நடுவில் போட்டு உடைத்துவிட்டேன்.

யோசித்தெல்லாம் சொல்லவில்லை. வாய்தான் சொன்னது. "பாத்தீங்களா என் வாயை! என்னால ஒரு ரகசியத்தைப் பொத்தி வைக்க முடியுதா? போறது அவ இல்லடி கண்ணு, நாங்க. அங்கிள் கம்பெனியில ஆளைக் குறைச்சுட்டாங்க. உங்கம்மாகிட்ட மட்டும் சொன்னேன். எனக்காகத்தான் பாவம் ஜாடியையே தூக்கிட்டு வந்திருக்கா, நான் அவளையே கிண்டல் பண்றேன்."

என் வீட்டுக்காரர் வாயில் எலுமிச்சைச் சாதம். அது இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்னைப் பார்த்தார், எதிர்வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தார். "ஆமா" என்றார். "ஆமா, அடுத்த மாசம்."

அந்த மனிதரை அன்றைக்குக் கும்பிட்டிருக்க வேண்டும்.

அப்புறம் என்ன, துக்கம் விசாரிப்பு ஆரம்பித்தது. ஒருத்தி என் தோளைத் தடவினாள். ஒருவர், செட்டில்மென்ட் ஒழுங்காகத் தருகிறார்களா என்று என் வீட்டுக்காரரை ஓரம்கட்டினார். இன்னொருத்தி ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்க வாஷிங் மெஷின் மேல திறக்கறதா, முன்னால திறக்கறதா?" என்றாள். முன்னால் என்றேன். கூட்டம் கலைந்ததும் என் வீட்டுக்காரர் என் காதருகில் வந்தார். "கம்பெனி கூட இன்னும் என் வேலையைத் தூக்கல. நீ தூக்கிட்டே." கோபமில்லை. அந்த வருடத்தில் அதை வாயால் சொல்லவே எல்லாருக்கும் பயம். அவருக்கும் பயம்தான் என்று குரலில் தெரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு சின்னப் படகில் எங்களைத் தீவின் மணலில் கொண்டு விட்டார்கள். ஒரு கல்யாண மண்டபம் அளவுதான் மணல். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தேன். பெண் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. 

"நீங்க அழுதா அழுங்க ஆன்ட்டி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நான் ஏண்டி அழறேன்?"

"இங்க உங்களுக்கு வீடு இல்லன்னு நினைக்காதீங்க. நாங்க இங்கதானே இருப்போம். நான் டுவெல்த் முடிக்கற வரைக்கும் எங்கயும் போகமாட்டோம்னு அப்பா ப்ராமிஸ் பண்ணியிருக்காங்க. நீங்க விசிட் விசால வாங்க. என் ரூம்ல தங்கிக்கோங்க. உங்க கறிவேப்பிலைத் தொட்டிய நான் பாத்துக்கறேன்."

அழுதுவிட்டேன். வேறென்ன செய்வது? அது பாவம், தனக்காக அழுகிறேன் என்று தெரியாமல் என் முதுகைத் தட்டிக்கொடுத்தது. பதினைந்து வயசுப் பிள்ளை சொன்ன ஆறுதலை, அதற்கு உரியவள் அல்லாத நான் முழுசாக வாங்கிக்கொண்டு நின்றேன். நாலடி தள்ளி அவள் அம்மா மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் அவள் என்னைப் படகின் பின்பக்கம், இஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள். அவருக்கு வேலை போன காகிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். அவர் தினமும் காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆபீஸ் போகிற மாதிரி கிளம்பிப் பூங்காவில் போய் உட்கார்ந்திருக்கிறாராம். மூன்று மணிக்குப் பிள்ளை ட்யூஷன் போனதும் வீட்டுக்கு வருகிறாராம்.

"பரீட்சை முடியட்டும்னுதாங்க்கா. தெரிஞ்சா பிள்ள எழுதாதுல்லா. மார்க் போயிட்டுன்னா ஊர்ல எந்த ஸ்கூல்ல சேப்பான்?"

"என்னை மன்னிச்சுரு தாயி" என்றேன்.

"நீங்க செஞ்சதுக்கு நாந்தான் கால்ல விழணும்" என்றாள். இருவரும் இஞ்சின் புகையில் இருமிக்கொண்டே அழுதோம்.

அடுத்த பத்து நாள் நான் வேலை போனவனின் பெண்டாட்டியாக வாழ்ந்தேன். இஞ்ச் டேப்போடு வந்து வாஷிங் மெஷினை அளந்தார்கள். ஒரு வீட்டில் எங்களுக்கு விருந்தே வைத்தார்கள். வடை, பாயசத்தோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்து விழுங்கினோம். எதிர்வீட்டில் ராத்திரியானால் மெல்லிசாக டேப் கிழிகிற சத்தம் கேட்கும். பெட்டி கட்டுகிறார்கள். அது யார் பெட்டி என்று பெண் கேட்டதற்கு, ஆன்ட்டி வீட்டுச் சாமான் என்று சொன்னாளாம். எனக்கு உள்ளூரப் பெருமை. பெரிய காரியம் செய்துவிட்டோம், ஒரு குழந்தையின் பரீட்சையைக் காப்பாற்றிவிட்டோம் என்று.

திங்கட்கிழமை பரீட்சை முடிந்தது. சாயங்காலம் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். புதன்கிழமை விடியற்காலை விமானம்.

எதிர்வீட்டிலிருந்து கத்தல் வரும், கதவு அறையும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தது.

"எக்ஸாம் எப்படி எழுதினே?" என்றேன். வேறு எதைக் கேட்பேன்?

"நல்லா எழுதினேன்." பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "முடிஞ்சதும் எல்லாரும் ஸ்கூல் கேட் பக்கத்துல நின்னாங்க ஆன்ட்டி. ஷர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டு இருந்தாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. அம்மா வெயிட் பண்றாங்கன்னு நான் ஓடி வந்துட்டேன். யாருக்கும் பை சொல்லல. கேஜியிலருந்து கூடப் படிச்சவங்க. ஏப்ரல்ல லெவன்த் ஆரம்பிச்சா பாப்போம்ல, அப்புறம் என்னன்னு நினைச்சேன்."

 மூன்று பேர், நாலு பேர், பெரியவர்கள் கூடி உட்கார்ந்து மதிப்பெண்ணைக் காப்பாற்றினோம். இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். யார் வீட்டுக் குழந்தைக்கு வாந்தி வரும் என்று எழுதி வைக்கிறவள் நான்.

"வீட்டு நம்பர் யாருதாவது தெரியுமா?" என்றேன். நெருங்கிய சிநேகிதி ஒருத்தியின் நம்பர் மனப்பாடம் என்றது. எங்கள் வீட்டு போனை எடுத்து அதன் கையில் கொடுத்தேன். "பேசு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு." சமையலறைக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். என் புடவை நுனியைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டது.

அந்தப் பக்கம் சிநேகிதியே எடுத்தாள். இருவரும் இங்கிலீஷில் வேகவேகமாகப் பேசினார்கள். வரைபடக் கேள்வியில் ஒரு அணையை எங்கே குறித்தாய் என்று ஒரு பேச்சு. ஒரு வாத்தியாரைப் போல மூக்கால் பேசிக் காட்டினாள் போல, இது சிரித்தது. நான் அந்தச் சிரிப்பு நிற்கட்டும், சொல்லிவிடும் என்று காத்திருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு கிடைக்கும், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார முடியுமா என்று அவள் கேட்டிருக்க வேண்டும். "யா, யா, ஐ வில் கீப் த விண்டோ சீட் ஃபார் யூ" என்றது இது. என் புடவை நுனி அதன் விரலில் இறுகிக்கொண்டே போனது.

"ஓகே, பை. சீ யூ இன் ஏப்ரல்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"அவ ரொம்ப சந்தோஷமா இருந்தா ஆன்ட்டி. எப்படிச் சொல்றது?"